மச்சானின் நாலு ரக்அத்

மாத்தளைப் பள்ளிவாசலில் லுஹரின் இரண்டு ரக்அத்துகளை முடித்துச் சலாம் கொடுத்ததும், வழக்கம்போல அடுத்த தொழுகைக்கு எழுந்து நின்றேன். மச்சானும் எழுந்தார். ஆனால் தக்பீர் கட்டவில்லை. முழங்காலைத் தடவிவிட்டுக்கொண்டு, என்னைத் திரும்பியும் பாராமல் வாசலை நோக்கி நடந்தார். பயணம் முழுவதும் முன்னின்று தொழுவித்தவர் அவர். நான் அவருடைய வலப்பக்கத்தில் நின்றவன். இமாமே எழுந்து போய்விட்டால் கூட நிற்கிறவன் என்ன செய்வது? வந்த எரிச்சலை விழுங்கிக்கொண்டு அஸரைத் தனியாகத் தொழுதேன். அந்த இரண்டு ரக்அத்திலும் என்ன ஓதினேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுவது ஒரு ரக்அத். கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினால் தொழுகை தொடங்கும், முகத்தை வலமும் இடமும் திருப்பிச் சலாம் கொடுத்தால் முடியும். நண்பகலின் லுஹர் நாலு ரக்அத், பிற்பகலின் அஸரும் நாலு. சூரியன் மறைந்ததும் மஃரிப், அதற்குள் அஸரைத் தொழுதுவிட வேண்டும். ஊரைவிட்டுத் தொலைதூரம் போகிறவனுக்கு மார்க்கத்தில் ஒரு சலுகை உண்டு. நாலை இரண்டாகச் சுருக்கலாம். லுஹரையும் அஸரையும் ஒரே வேளையில் சேர்த்துத் தொழுதுவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். சொந்த ஊருக்குள் நுழைந்ததும் சலுகை முடிந்துவிடும், பழையபடி நாலுதான். அந்தச் சலுகையை மச்சானைப்போல ரசித்து அனுபவித்த ஒருவரை நான் கண்டதில்லை. சிலாபத்தில், முருகண்டியில், சைக்கிளைச் சாய்த்துவிட்டுத் தொழ நின்ற இடமெல்லாம், "களைச்சுப் போனவனுக்கு அல்லாஹ் தந்தது, தம்பி. வேணாம் எண்டு செல்றது மரியாதையில்ல" என்பார். அப்படிப்பட்ட மனிதர், வீட்டை எட்டிப் பிடிக்கும் தூரத்தில், உடம்பெல்லாம் நொந்துபோன கடைசி நாளில், சலுகை வேண்டாம் என்று எழுந்து போனால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மச்சான் என் ராத்தாவின் கணவர். ராத்தா என்றால் எங்கள் பேச்சில் அக்கா. வத்தேகமவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் இருவரும் கனடாவில் வேர் விட்டுவிட்டார்கள். நாடு இருந்த நிலையில், பெற்றோரை இங்கே தனியே விட்டுவைக்க அவர்களுக்கு மனமில்லை. ராத்தா முன்னாலேயே அங்கே போய்விட்டா. கடை கைமாறியது, பக்கத்து ஊரான மடவளையில் இருந்த வீடும் விலைப்பட்டது. டிக்கட் கைக்கு வந்த பிறகுதான் மச்சான் சைக்கிள் கதையை எடுத்தார். "நாட்ட விட்டுப் போறவன் நாட்ட ஒருக்கா முழுசாப் பார்த்துட்டுப் போக வேணாமா?" ராத்தா தொலைபேசியில் எனக்குத்தான் ஏசினா: "அவருக்குத் தான் பைத்தியம், அறுவது தாண்டின மனுசன். நீயும் சேர்ந்து ஆடுறியா?" ஆடினேன். போகிற மனிதரிடம் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நாங்கள் நான்கு பேர். ஞாயிறு காலைகளில் பேராதனை வரை சைக்கிளில் போய்த் தேநீர் குடித்துவிட்டுத் திரும்புகிற பழைய கூட்டம். கலஹாவில் தோட்டப் பாடசாலையொன்றில் படிப்பிக்கிற மாஸ்டர், கண்டியில் நீண்ட காலமாக வேலை செய்யும் யாழ்ப்பாணத்து டொக்டர், மச்சான், நான். சைக்கிள்களை லொறியில் ஏற்றித் தெற்கே தேவேந்திரமுனைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மேற்குக் கரையோரமாக மிதித்துப் பருத்தித்துறைக் கடலில் கால் நனைத்துவிட்டு, கண்டி வீதியில் வீடு திரும்புவது திட்டம். எங்களுக்கு ஒரு சட்டம் இருந்தது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது, எந்தப் பாதையில் போவது என்பதையெல்லாம் அன்றைக்குக் கடைசியில் வருகிறவன்தான் தீர்மானிப்பான். முன்னால் போகிறவனுக்கு நாட்டாமை கொடுத்தால் பின்னால் வருகிறவன் செத்துப்போவான் என்பது டொக்டரின் வாதம். இன்னொன்று, யாரும் தனியாக முடிக்கக் கூடாது. போனால் நாலு பேரும் சேர்ந்து போய்ச் சேர வேண்டும்.

முடிக்கப்போகிறோம் என்ற சந்தோஷம் தம்புள்ளையைத் தாண்டியதும் வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். எங்கே வந்தது! கைவிரல்கள் மரத்துப்போய், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. உட்கார்ந்தாலும் வலி, நின்றாலும் வலி. முதல் நாட்களில் இனித்த டொக்டரின் சீட்டியடிப்பு இப்போது காதில் ஆணி அடித்தது. மாஸ்டர் நாலகண்டத்துப் பள்ளத்தில்கூடப் பேசாமல் இறங்கினார். அவர் பேசாமல் இருப்பது காய்ச்சலுக்கு அறிகுறி என்று அவருடைய மனைவியே சொல்வதுண்டு. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத களைப்பு அது. வீட்டுக்குப் போய் விழுந்து தூங்க வேண்டும், அவ்வளவுதான். நாடு, கடல், சாதனை எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்றிருந்தது.

தொழுதுவிட்டு வெளியே வந்தபோது எதிர்த் தேநீர்க்கடையில் மூவரும் இருந்தார்கள். மச்சான் பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தார். நான் கதிரையை இழுத்துப் போட்ட வேகத்திலேயே என் கோபம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

"என்ன மச்சான், பெரிய மகான், அவுலியா ஆகிட்டீங்களா? சலுகை எங்களுக்கு மட்டும் தானா?"

அவர் கோபிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஊடு வாங்கினவர் இண்டைக்கு மஃரிபுக்குப் பொறகு சாவி எடுக்க வாரார், தம்பி. நேத்தே வந்து சேர்ந்திருந்தா ஒரு முழு நாள் ஊட்டுல இருந்திருப்பேன். வவுனியாவுல மழை புடிச்சிட்டுது. இப்ப மிச்சம் ஈக்கிறது அஸர் ஒண்டு தான். இங்க தொழுதுட்டா அதுவும் ரெண்டோட முடிஞ்சு போகும். என்ட ஊட்டுல, ஊராளா நிண்டு, ஒரு வக்தாவது நாலு தொழுதுட்டுச் சாவியக் குடுக்கணும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. "வித்த ஊடு உங்கட ஊடா மச்சான்?" என்று கேட்டேன்.

"பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்கிட்ட கேட்டேன். ஊர விட்டுப் போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க ஊராள் தான் எண்டார். சாவியும் இன்னும் என்ட கையில தானே ஈக்கிது." சட்டைப்பைக்குள் இருந்த சாவியை வெளியிலிருந்தே தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சிக்கல் அதோடு முடியவில்லை. எங்கள் பயணம் முடிய வேண்டிய இடம் கண்டி வாவிக்கரை. மாஸ்டரின் மனைவியும் பிள்ளைகளும் கலஹாவிலிருந்து வான் பிடித்து வந்து, துணியில் எழுதிய வரவேற்புப் பதாகையோடு அங்கே காத்திருந்தார்கள். டொக்டரின் மனைவி கேக் செய்துகொண்டு வந்திருந்தா. அக்குறணை வழியாகக் கண்டிக்குப் போய்ப் படமெடுத்து, பிறகு மடவளைக்கு மிதித்தால் நிச்சயம் மஃரிப் ஆகிவிடும். மாத்தளையிலிருந்து உக்குவளை, வத்தேகம வழியாக நேரே மடவளைக்குப் போக வேறு பாதை உண்டு. அதில் போனால் அஸர் கிடைக்கும், வாவிக்கரை கிடைக்காது. "நீங்க மூணு பேரும் கண்டிக்குப் போங்க. நான் தனிய உக்குவளையால போறேன்" என்றார் மச்சான்.

"தனியா எப்படிங்க நானா? நாலு பேரும் சேர்ந்துதான்னு சொன்னதே நீங்கதானே" என்றார் மாஸ்டர்; மச்சானை அவர் அண்ணன் முறையில் நானா என்றுதான் அழைப்பார். சொன்னாரே தவிர, பிள்ளைகளை நினைத்து அவருடைய முகம் சுருங்கிவிட்டது. காலையிலிருந்து மூன்று தடவை அழைத்துவிட்டார்கள், அப்பா எங்கே வருகிறீர்கள் என்று.

டொக்டர் என்னைப் பார்த்தார். "கடைசியா வந்தது ஆர்? நீர் தானே? நீரே சொல்லும்."

ஆம், காலையிலிருந்து கடைசி ஆள் நான்தான். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டிருந்தன. நான் என்னவோ பெரிய மனதோடு முடிவெடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். வாவிக்கரையில் சிரித்துக்கொண்டு படத்துக்கு நிற்கும் தெம்பே எனக்கு இல்லை. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் மச்சான் பைக்கு மேலே வைத்த கையை இன்னும் எடுக்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மடவளைக்குப் போவோம்" என்றேன். மாஸ்டர் பெருமூச்சு விட்டுக்கொண்டு மனைவியை அழைத்தார்: "அங்க நிக்காதீங்க, மடவளைக்கு வாங்க. ஆமா, பேனரையும் கொண்டு வாங்க. ஏன்னு கேக்காதீங்க, வந்து சொல்றேன்."

உக்குவளையைத் தாண்டி ஓர் ஏற்றத்தில் என் வலது கால் இழுத்துக்கொண்டது. சைக்கிளோடு புல்லில் சரிந்தேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லி அந்த ஏற்றத்தை ஏசினேன். டொக்டர் இறங்கி வந்து காலை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "நீட்டும். இன்னும் நீட்டும். ஓம், அப்பிடித்தான். பொறும், சரியாகும்" என்று பிடித்துவிட்டார். மலைகளுக்கு மேலே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. மச்சான் வானத்தைப் பார்க்காமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அவமானமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. "மச்சான், நீங்க போங்க. நான் பின்னால வாரேன். கடைசி ஆள் செல்றேன், போங்க!"

"அந்த ஒண்ட மட்டும் கடைசி ஆளுக்குச் செல்ல ஏலா" என்றார். என்னைத் தூக்கி நிறுத்தி, சைக்கிளில் ஏற்றிவிட்டு, தன் சைக்கிளை ஒரு கையால் ஓட்டிக்கொண்டே மறு கையால் என் முதுகைத் தள்ளினார். அறுபது தாண்டிய மனிதர், நாடு முழுவதும் மிதித்துக் களைத்தவர். அவருடைய மூச்சு என் காதுக்குப் பக்கத்தில் இரைந்தது. ஏற்றம் முடியும் வரை அந்தக் கை எடுபடவில்லை.

வத்தேகம சந்தையடியில் மரக்கறிக்காரர் ஒருவர், "முதலாளி! எங்க இந்தப் பக்கம்? நீங்க போய்ட்டதா சொன்னாங்களே!" என்று சத்தம் போட்டார். மச்சான் கையை உயர்த்திக் காட்டினார், நிற்கவில்லை. அவருடைய கடை இருந்த இடத்தில் இப்போது கைத்தொலைபேசிக் கடை. அந்தப் பக்கம் அவர் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கும் பார்க்க நேரமில்லை. முன்னால் போகிறவரின் பின்சில்லை மட்டும் பார்த்து மிதித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்குப் போனபோது சூரியன் மறைய இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. மச்சான் சாவியைப் போட்டார். உள்ளே ஒன்றுமே இல்லை. ராத்தாவின் அலுமாரி நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை; இணைப்பை மாற்றுவதற்காக முதல்நாளே பூட்டிவிட்டார்களாம். மச்சான் குழாயடியில் அப்படியே நின்றுவிட்டார். டொக்டர் தன் சைக்கிளிலிருந்து தண்ணீர்ப் போத்தலைக் கழற்றிக்கொண்டு வந்தார். மாஸ்டரும் கொண்டு வந்தார். நால்வருடைய போத்தல்களிலும் மிச்சமிருந்ததைக் கொண்டு மச்சான் தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் வுளுவைச் சிக்கனமாகச் செய்துகொண்டார். மழைக்கோட்டை உதறி நடு ஹோலில் விரித்தார். மற்ற இருவரும் வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

நான் அஸரை மாத்தளையிலேயே தொழுதுவிட்டேன். கடமை தீர்ந்தது. முழங்கால் மடங்க மறுத்தது. ஆனாலும் அந்த வெறும் வீட்டில் அவரைத் தனியே நிற்க விட எனக்கு மனம் வரவில்லை. அவர் மிச்சம் வைத்திருந்த நீரில் வுளு செய்துகொண்டு, வழக்கம்போல அவருடைய வலப்பக்கம் போய் நின்றேன். அவர் தக்பீர் கட்டினார். அஸரில் சத்தமிட்டு ஓதுவதில்லை; அவருடைய மூச்சு மட்டுமே கேட்டது. நெற்றியைத் தரையில் வைத்த ஒவ்வொரு சஜ்தாவிலிருந்தும் கையூன்றித்தான் எழுந்தார். இரண்டாவது ரக்அத் முடிந்து நடு இருப்பில் உட்கார்ந்தோம். ஓதி முடித்துவிட்டு மூன்றாவதற்கு எழ வேண்டும்.

எழவில்லை. அவருடைய முகம் மெதுவாக வலப்பக்கம் திரும்பியது. "அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்" என்றார்.

சலாம் கொடுத்துவிட்டார். இரண்டோடு முடித்துவிட்டார். எத்தனையோ நாட்களாக இரண்டிரண்டாகத் தொழுது பழகிய உடம்பு, அதே இடத்தில் தானாகவே திரும்பிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், என் கழுத்தும் பாதி திரும்பியிருந்தது. அவர் முகம் எனக்கு நேரே இருந்தது. கண்கள் மூடியிருந்தன. நிம்மதியாக, வேலை முடிந்த மனிதனின் முகமாக இருந்தது. ஒரு கணம் சும்மா விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மனிதர் களைத்துவிட்டார், தெரியாமலே போகட்டும். ஆனால் இதற்காகத்தானே ஏற்றமெல்லாம் என்னைத் தள்ளிக்கொண்டு வந்தார்! தொழுகையில் இமாம் தவறினால் பின்னால் நிற்கிறவன் "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லி உணர்த்த வேண்டும். "சுப்ஹானல்லாஹ்" என்றேன். அந்த வெறும் வீட்டில் அது பெரிதாகக் கேட்டது.

அவர் கண்களைத் திறந்தார். என்னைப் பார்த்தார். முதலில் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. அந்த முகம் உடைந்ததை நான் யாருக்கும் சொன்னதில்லை, ராத்தாவுக்கும் சொன்னதில்லை. திரும்பவும் முன்னால் பார்த்து உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தரையில் ஊன்றினார். முதல் தடவை எழ முடியவில்லை. இரண்டாம் தடவை எழுந்து நின்றார். மூன்றாவது ரக்அத், நாலாவது ரக்அத். கடைசியில் மறதிக்கான சஜ்தா இரண்டையும் செய்துவிட்டுச் சலாம் கொடுத்தார். நாலும் முடிந்தது.

பிறகு சொன்னார்: "பார்த்தியா தம்பி, உடம்பு எனக்கு முந்தியே போய்ட்டுது."

அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

வெளியே சத்தம் கேட்டது. மாஸ்டரின் வான் வந்திருந்தது. பிள்ளைகள் ஓடிவந்து பதாகையைக் கேற்றில் கட்டினார்கள். 'அன்போடு வரவேற்கிறோம்' என்று பெரிய சிவப்பு எழுத்துகள். டொக்டரின் மனைவி கேக்கோடு இறங்கினா. பள்ளியில் மஃரிப் பாங்கு சொல்லிச் சற்று நேரத்தில் வீடு வாங்கியவர் மனைவி மக்களோடு காரில் வந்தார். பதாகையைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். "இதெல்லாம் எங்களுக்கா? மாஷா அல்லாஹ், இப்பிடி ஒரு வரவேற்ப நாங்க நெனச்சே பார்க்கல்ல" என்றார். அவருடைய மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாஸ்டரின் சின்ன மகள் "இல்ல, இது அப்பாவுக்கு..." என்று தொடங்கினாள், மாஸ்டர் அவள் வாயைப் பொத்தினார்.

"உங்களுக்குத் தான். வாங்க, உள்ளுக்கு வாங்க" என்றார் மச்சான். சாவியைக் கொடுத்தார். கேக்கின் முதல் துண்டை வெட்டி அவர்களுடைய பிள்ளைக்கு ஊட்டினார். எங்கள் பயணம் அப்படித்தான் முடிந்தது. வாவிக்கரைப் படம் இல்லை, கைதட்டல் இல்லை. நாலு பேரும் அந்தக் கேற்றடியில், வேறு யாருடைய குடிபுகுதலிலோ நின்று கேக் சாப்பிட்டோம்.

மச்சான் கனடாவுக்குப் போய் இப்போது கொஞ்சக் காலமாகிறது. டொக்டரும் மாஸ்டரும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுவது குறைந்துவிட்டது. வயது ஒரு காரணம், களைப்பு இன்னொன்று. அந்தப் பயணத்தின் களைப்பு என் உடம்பைவிட்டு முழுதாகப் போனதாகவே எனக்குத் தோன்றவில்லை. மச்சான் வெள்ளிக்கிழமைகளில் அழைப்பார். குளிர், முழங்கால், பேரப்பிள்ளைகளின் தமிழ் என்று பேசுவார். போன வாரம், வருகிற விடுமுறைக்கு வருவதாகச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

"எத்தின நாளைக்கு மச்சான்? எங்கட ஊட்டு அறைய இப்பவே கழுவி வைக்கச் செல்றேன்."

"கொழும்புல தான் தம்பி தங்குவோம், மருமகள்ட ஊட்டுல. மடவளைக்கு ஒரு ரெண்டு நாள் வந்துட்டுப் போவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப அங்க வந்தா எனக்கு ரெண்டு தான், என்ன?" என்று கேட்டார்.

கேட்டவருக்கும் பதில் தெரியும், எனக்கும் தெரியும். வேறு ஊரில் குடியேறிவிட்டவன், இரண்டு நாள் தங்கிப்போக வருகிறவன், பயணிதான். ஹஸ்ரத்திடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நழுவப் பார்த்தேன். வாய் வரவில்லை.

"ஓம் மச்சான்" என்றேன். "ரெண்டு தான்."